ஏழேகாலுக்குக் கேட்ட தையலக்கா

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். "ஏம்மா, அணிலுங்களா?" என்று ஒரு ஆண் குரல். யாரோ வம்பு செய்கிறார்கள் என்று கட் பண்ணப் போனேன். "நசீமா வூட்டுக்காரர் பேசறேன்மா. அவ போன்ல உம்பேரு அணில்னுதான் கீது. திங்கக்கெழமை மவுத்தாயிட்டாமா. காய்ச்சல்னு படுத்தவ எந்திரிக்கல. சாயந்திரமே அடக்கம் பண்ணிட்டோம்."

அவரே தொடர்ந்தார்: "டெய்லி ஏழேகாலுக்கு அவ போன் டிங்கு டிங்குன்னு அடிக்குது. ஆச்சுக்கா, ஆச்சுக்கான்னு நூறு பேர் அனுப்பறாங்க. யாருமா இவங்கல்லாம்? போனவ கிட்ட இன்னா ஆச்சுன்றாங்க?"

அந்த நூறு பேர் நீங்கள்தான். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியாட்கள் யாராவது படித்தால் புரியட்டும். செம்பாக்கத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து, திரையில் ஒரு அணில் பொம்மைக்குள் ஒளிந்துகொண்டு, தினமும் மாலை ஏழு மணிக்கு லைவில் கேம் ஆடிப் பேசுகிறவள் நான். ஆடும்போது பக்கத்தில் பார்வையாளர்களின் சாட் ஓடும். மாடரேட்டராக இருந்து அதைக் காவல் காத்தவர் நசீமா அக்கா. கூடுவாஞ்சேரியில் ஜாக்கெட் தைப்பவர். மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று வருடம் இந்த வேலையைப் பார்த்தார். உங்களுக்கு அவர் தையலக்கா.

ஆரம்பத்தில் ஒரு பார்வையாளர் எதற்கெடுத்தாலும் "ம்" என்று மட்டும் போடுவார். நான் ஜோக் அடித்தாலும் "ம்", தோற்றாலும் "ம்". என்னை நக்கல் பண்ணுவதாக நினைத்து, சாட்டிலிருந்தே தூக்கிவிடும்படி அக்காவிடம் சொன்னேன். "தூக்க வாணாம். ஒரு கையில குழந்தைய வெச்சிகினு டைப் பண்றவங்க இப்டித்தான் போடுவாங்க. நானும் போட்டுகீறேன்," என்றார் அக்கா. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் முதல் முறையாக முழு வாக்கியம் எழுதினார்: பாப்பா இப்போதெல்லாம் தொட்டிலில் தூங்குகிறாள் என்று. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அசிங்கமாக எழுதுகிறவனைப் பத்து நிமிடம் சாட்டுக்கு வெளியே நிறுத்துவார். "சீ, போய் மூஞ்சி கழுவிட்டு வா" என்பார். திரும்பி வந்ததும் விடமாட்டார். "கழுவியாச்சா?" நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அவர் அழித்த செய்திகளின் பட்டியலைப் போன வாரம்தான் திறந்தேன். இரண்டு பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை. ஒரு பொம்மை அணிலைப் பார்த்து, ஐயோ, என்னவெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்! மறுநாள் அதே பெயர்களில் "குட் ஈவினிங் அக்கா" வேறு. என் கண்ணில் படக்கூடாது என்று மூன்று வருடம் ஒரு மனுஷி இந்தச் சாக்கடையைப் படித்திருக்கிறார். ஒருநாள்கூட என்னிடம் வாய் திறந்து சொன்னதில்லை.

ஏழேகாலுக்கு "சாப்டாச்சா?" என்று அவர் சாட்டில் கேட்பது சும்மா விசாரிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். "ஆச்சுன்றவங்கள நான் பாக்கறதே இல்ல. யாரு பதில் போடலன்னு பாப்பேன்," என்று ஒருமுறை சொன்னார். போன மழையில் அனகாபுத்தூர்க்காரர் ஒருவர் இரண்டு நாள் பதில் போடவில்லை. கவனித்தது அக்கா மட்டும்தான். பக்கத்தில் இருப்பவர் யார் என்று சாட்டில் கேட்டுக் கேட்டு, ஒருவரைப் பிடித்து, பால் பாக்கெட்டோடு அனுப்பி வைத்தார். தண்ணீர் சூழ்ந்த மாடியில், சார்ஜ் இல்லாத போனோடு உட்கார்ந்திருந்தாராம் அந்த மனிதர்.

இப்போது என் லட்சணத்தைச் சொல்கிறேன். சனிக்கிழமை அக்கா, "காய்ச்சலா கீது, ரெண்டு நாள் உட்டுரு," என்றார். அவருடைய கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவள் நான். பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. தினமும் ஏழேகாலுக்கு "சாப்டாச்சா?" தானாகப் போகும்படி செட் பண்ணிவிட்டேன். ரொம்ப சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை "உடம்பு எப்படி?" என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. அதோடு விட்டுவிட்டேன்.

திங்கள் மாலை அவரை மண்ணில் வைத்துவிட்டு வீட்டுக்காரர்கள் திரும்பும் நேரத்தில், அக்கா பெயரில் "சாப்டாச்சா?" போயிருக்கிறது. நீங்கள் "ஆச்சுக்கா" என்றீர்கள். செவ்வாயும் அதேதான். புதன்கிழமை அந்த "ம்" பெண் மட்டும் கேட்டார்: "அக்கா, நீங்க சாப்டீங்களா?" நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அணில் குரலில் கீச்சென்று, "அக்கா மெஷின்ல பிஸியா இருப்பாங்க!" என்றேன். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வியாழன் மாலை விஷயத்தைச் சொன்னேன். சாட்டில் அழும் எமோஜிகள் மளமளவென்று ஓடின. ஒருவர், "அந்த மாடரேட்டர் போஸ்ட் எனக்குத் தாங்க," என்றார். இன்னொருவர், "அப்போ இன்னைக்கு கேம் இல்லையா?" என்றார். சே! நீங்களெல்லாம் எந்த வயிற்றில் பிறந்தீர்கள்? திட்டவும் எனக்குத் தகுதி இல்லை. உங்களைவிடக் கேவலமாக நடந்துகொண்டவள் நான்தான்.

"ம்" பெண் அன்று ஒன்றுமே எழுதவில்லை.

அந்தத் தானாகப் போகும் கேள்வியை அன்றே எடுத்துவிட்டேன். அக்காவின் கணக்கு அப்படியே இருக்கட்டும், இனி அதிலிருந்து யாரும் பேசப்போவதில்லை. அவருடைய கேள்வியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். ஏழேகாலுக்கு கேமை நிறுத்தி, என் பெயரில், என் கையால் டைப் செய்கிறேன். பதில்களை ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன்.

நேற்று எல்லோரும் "ஆச்சு" என்றீர்கள். "ம்" பெண்ணிடமிருந்து ஐந்தாவது நாளாகப் பதில் இல்லை. நான் தேடிக்கொண்டிருந்தபோது "கேம் போடு, கேம் போடு" என்று கத்தினீர்கள். ஒருவன் பழையபடி அசிங்கமாகவும் எழுதினான். அவன் ஒருவனை மட்டும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க" என்று மொத்தப் பேரையும் பத்து நிமிடம் வெளியே நிறுத்திவிட்டு, திரையில் அணிலை ஆஃப் பண்ணிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு என் சொந்தப் பெயரைச் சொல்லி எழுத ஆரம்பித்தேன்.