ரத்தம் வராத கட்டைவிரல்

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ரோஸ் பெல் ஊரில் டீசல் டாக்சி ஓட்டினார். எங்கள் தீவின் சுதந்திரத்துக்கு மூன்று நான்கு வருடங்களுக்கு முந்தைய தை மாதம் அது; எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் பேசியதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். தமிழ் என்பது சாமிக்கும் உறவுமுறைக்கும். ஆனால் விரதத்தில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. காவடிக்கு மூன்று நாள் இருந்தது. முதுகு, மார்பு, நாக்கு என்று வேல் குத்திக்கொள்வதாக மாமா நேர்ந்திருந்தார். விரதம் சுத்தமாக இருந்தால் குத்துவது வலிக்காது, ரத்தமும் வராது. எங்கள் வீட்டில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

இஞ்சினுக்கு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கும் தேய்ந்து, கார் சர்க்கரை ஆலை மாதிரிப் புகைவிட்டுக்கொண்டிருந்தது. அசல் சாமான் கப்பலில் வர மாதக்கணக்காகும். தெருவிலிருந்த காவடிக்காரர்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் தலைநகர் போர் லூயியில் ஒரு கடையில், அதே அச்சில் வேறு யாரோ செய்த நான்கை வாங்கி வந்தார். மாட்டியதும் கார் இருமத் தொடங்கியது.

மாமா ஒவ்வொரு குழாயின் மரையாகத் தளர்த்திப் பார்த்தார். தளர்த்திய பிறகும் இஞ்சின் சத்தம் மாறவில்லை என்றால், அங்கேதான் கோளாறு என்று எனக்கு விளக்கினார். மூன்றாவதைத் தளர்த்தியபோது சத்தம் மாறவில்லை. கழற்றிப் பார்த்தால் அதன் கழுத்து ஒரு மயிரிழை தடிப்பு. குழிக்குள் முழுதாக இறங்காமல் ஓரத்தில் புகையைச் சீறியிருக்கிறது. செம்பு வாஷரை இரட்டையாகப் போட்டார், முருகா என்று சொல்லித் தட்டினார். அது எதற்கும் மசியவில்லை.

அது பீய்ச்சுவதாவது சரியா என்று பார்க்க, வெளியே திருப்பிக் குழாயில் மாட்டினார். சாவியைத் திருப்ப என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார்.

"நான் சொன்னா மட்டும் திருப்பு. அதுவரைக்கும் பா தூஸ், தொடக்கூடாது."

சொன்னார், திருப்பினேன். மறுபடியும் சொன்னார், திருப்பினேன். அவ்வளவு பெரிய வண்டி என் இரண்டு விரலுக்குக் கட்டுப்பட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. திறந்திருந்த பானெட் மாமாவை மறைத்தது. அவர் சொல்லாமலேயே இன்னொரு தடவை திருப்பினேன்.

"ஆயோ" என்று மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. இறங்கி ஓடினேன். இன்ஜெக்டர் நுனியில் தொங்கிய சொட்டை மாமா கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். விரலில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. அமுக்கிப் பார்த்தார். ரத்தம் வரவில்லை.

"வலியே இல்ல," என்றார். அவருக்கே ஆச்சரியம்.

அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"குத்தியிருக்கு, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. முருகன் உன் விரதத்த ஏத்துக்கிட்டாரு தம்பி."

விரலில் திருநீறு பூசினாள். மாமாவின் முகம் பூரித்துப்போயிற்று. முதல் வேல் முருகனே முன்கூட்டிக் குத்தியது என்று சொல்லிக்கொண்டே, பொழுது சாயும்வரை அந்தக் கையாலேயே அரத்தைப் பிடித்து இன்ஜெக்டரின் கழுத்தைத் தேய்த்தார். சாமியே பாராட்டிய காரியத்தில் என் குற்றம் என்ன இருக்க முடியும் என்று நானும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

காலையில் மாமா வாசலில் நின்றார். கட்டைவிரல் கறுத்திருந்தது. கை முழங்கைவரை வீங்கி, தோல் வெடிக்கப்போவதுபோல் பளபளத்தது. கிட்டே போனால் டீசல் நாற்றம். துணியிலிருந்து இல்லை, சதைக்குள்ளிருந்து. நாக்கில் வேல் குத்திய ஆட்களைக் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து பார்த்தவள் நான்; ஒரு நாளும் பயந்ததில்லை. அன்று படியிலேயே வாந்தியெடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"ரத்தம் வரலையே டாக்டர்," என்றாள் அம்மா.

டாக்டர் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். துளை சின்னதுதான், ஆனால் பீய்ச்சிய வேகத்தில் டீசல் அதன் வழியாகப் பாய்ந்து உள்ளங்கைவரை போய்விட்டது, நேற்றே வந்திருந்தால் கீறி எடுத்திருக்கலாம் என்றார். கட்டைவிரலோடு இன்னும் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கியர் மாற்றும் கை அது. காவடி தெருவில் போன அன்று மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அம்மா அன்று கோவிலுக்குப் போகவில்லை.

கட்டிலருகில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது.

"உன் கை அங்க இருக்கிறப்ப சாவியத் திருப்பினது யாரு?"

நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாரும் திருப்பல அக்கா. நானேதான் ஸ்க்ரூடிரைவரால ஸ்டார்ட்டரத் தட்டிவிட்டேன். புள்ள அப்ப வீட்டுக்குள்ள இருந்தா."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாவம், காய்ச்சலில் மாமாவுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். கடைசிவரை அவருக்கு அது ஞாபகம் வரக்கூடாது என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி நிம்மதியாக வீட்டுக்கு நடந்தேன்.