பதினேழு குழாய்கள்

குழாயைத் திறந்துவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, டொரத்தி மூன்று முறை அருள் நிறைந்த மரியே சொல்வார். மூன்று சொல்லி முடித்தால் சுமாராக ஒரு நிமிடம். மூடிவிட்டு அடுத்த குழாய்க்குப் போவார். அந்த வீட்டில் பதினேழு குழாய்கள். ஆக ஐம்பத்தொன்று. ஜெபமாலைக்கு இன்னும் இரண்டு குறைகிறது. பால்கனி வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும்போது அந்த இரண்டையும் சொல்லி முடித்துவிடுவார். "மாதாவுக்கும் ஆச்சு, பைப்புக்கும் ஆச்சு" என்பார்.

யாரும் குடியிராத வீடு அது. யாரும் குளிக்காமல் கை கழுவாமல் கிடந்தால், தொட்டிக்கு அடியில் வளைந்த குழாயில் நிற்கிற தண்ணீர் வற்றிவிடும். வற்றினால் சாக்கடை நாற்றம் மேலே ஏறி வரும். கோலாலம்பூரின் நடுவே, நாற்பத்தேழாவது மாடியில், இரட்டைக் கோபுரத்தைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கிற வீட்டில் அந்த நாற்றம் வரக்கூடாது என்பதற்காகத்தான் மூன்று வருடங்களாக டொரத்திக்குச் சம்பளம். "எவ்ளோ காசு குடுத்து வாங்குனாலும் பீ நாத்தம் பீ நாத்தந்தான் லா" என்று அவர் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. வேலை விவரம் சொல்கிற தோரணைதான் இருக்கும்.

குழாய் முடிந்தால் மற்றவை. படுக்கையறை மெத்தைக்குள் குதிரை முடி. எங்கோ பனி நாட்டில் ஆறு பேர் உட்கார்ந்து கையால் தைத்ததாம். யாரும் படுக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை அதைத் திருப்பிப் போட வேண்டும். குளியல் தொட்டி ஒரே கல்லில் குடைந்தது. சுவர் எழுப்புவதற்கு முன்பே கிரேன் வைத்துத் தூக்கி உள்ளே இறக்கியதால், இனி வீட்டை இடித்தால்தான் வெளியே எடுக்க முடியும். கைக்கடிகாரங்கள் நின்றுவிடாமலிருக்க அவற்றை மெதுவாகச் சுழற்றிக்கொண்டேயிருக்கும் கண்ணாடி அலமாரி ஒன்று. "கடியாரத்த தொட்டில்ல போட்டு ஆட்டுறானுங்க" என்பார். கைப்பைகளுக்கென்று தனி அறை, தனிக் குளிர். முதலைத் தோல் வெடித்துவிடக் கூடாதல்லவா. பியானோவின் எண்பத்தெட்டுக் கட்டைகளையும் புதன்கிழமைதோறும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அழுத்திவிட வேண்டும். பாட்டு ஒன்றும் தெரியாது. கடைசிக் கட்டை 'டிங்' என்றதும், யாரோ கூப்பிட்டதைப் போல ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்.

முதலாளி வெளிநாட்டில். மூன்று வருடத்தில் நான்கு இரவுகள் தங்கியிருக்கிறார். அந்த நான்கு நாளும் டொரத்தியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வீட்டில் எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது சத்தமின்மை. கட்டடத்தை விற்க வந்தவர்கள் அப்படித்தான் சொல்லி விற்றார்களாம். மூன்று அடுக்குக் கண்ணாடி. கீழே ஜாலான் அம்பாங்கில் ஆம்புலன்ஸ் போவது தெரியும், கேட்காது. மழை கண்ணாடியில் அறைவது தெரியும், கேட்காது. டொரத்தி வளர்ந்ததோ செந்தூல் ரயில்வே பட்டறைச் சங்கில். கேட்டு வளர்ந்தது அத்தனையும் இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசை. இப்போது இருக்கும் பிளாட்டிலும் பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று இவரால் சொல்ல முடியும். கணவர் ஜெயராஜ் இறந்து ஆறு வருடமாகிறது. மகள் கிளாரிசா அயர்லாந்தில் தாதி. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அழைப்பாள். இருபது நிமிடம். மற்ற ஆறு நாளும் டொரத்தி காலையில் எல்.ஆர்.டி. ரயில் பிடித்து, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, அந்தச் சத்தமில்லாத வீட்டுக்கு வந்துசேருவார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு வேலை உண்டு. எல்லா அறைகளையும் கைப்பேசியில் படம் பிடித்து, சிங்கப்பூரில் இருக்கும் முதலாளியின் செக்ரட்டரிக்கு அனுப்ப வேண்டும். இருபது நிமிடப் படம். பேசக்கூடாது, வீட்டை மட்டும் காட்டினால் போதும் என்பது முதல் நாளே சொன்ன விதி. மூன்று மாதம் டொரத்தி அப்படியே செய்தார். ஒரு வெள்ளியன்று கண்ணாடி முழுக்க மழையாக இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. "மிஸ், டுடே ரெயின் வெரி ஹெவி லா." அனுப்பிவிட்டு, திட்டு வரப்போகிறதென்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். சரியாக ஐந்து மணிக்குப் பதில் வந்தது. 'ரிசீவ்ட். தேங்க் யூ.'

திட்டு வரவில்லை, நன்றியல்லவா வந்திருக்கிறது! அதற்குப் பிறகு டொரத்தியைப் பிடிக்க முடியவில்லை. சோபாவைக் காட்டும்போது செந்தூல் மாதா கோயில் திருவிழாவைச் சொன்னார். மெத்தையைக் காட்டும்போது தன் முதுகுவலியைச் சொன்னார். கிளாரிசாவுக்கு வேலை நிரந்தரமானதைக் கைப்பை அறையில் நின்று சொன்னார். ஒவ்வொரு வெள்ளியும் ஐந்து மணிக்கு அதே பதில். முகம் தெரியாத அந்தச் செக்ரட்டரியை அவருக்குப் பிடித்துப்போயிற்று. "அதிகம் பேச மாட்டா. ஆனா டைம் தவற மாட்டா" என்று பின்வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா பக்கிரிசாமியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பக்கிரிசாமி கிள்ளானிலிருந்து வருகிற கறுத்த, பருத்த மனிதர். வேலைக்காரர்களின் பையைச் சோதித்து உள்ளே விடுவது அவர் பொறுப்பு.

"என்னா மகாராணி, அரமன எப்படி இருக்கு?"

"கக்கூஸ் கழுவுற மகாராணிய எங்கயாவது பாத்திருக்கிங்களா? பையப் பாருங்க, டைமாச்சு."

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டொரத்தி விழுந்தார்.

பெரிய குளியலறை. பதினொன்றாவது குழாயை மூடிவிட்டுத் திரும்பியபோது பளிங்கில் கால் வழுக்கியது. வலது இடுப்பு தரையில் மோதியது. கைப்பேசி சமையலறை மேடையில். கத்தினார். அந்த வீட்டுக் கண்ணாடி வெளிச் சத்தத்தை உள்ளே விடாதது போலவே உள்ளிருப்பதையும் வெளியே விடாது. பத்து நிமிடம் அசையாமல் கிடந்தால் விளக்கு தானாக அணைந்துவிடும். இருட்டியதும் கையைத் தூக்கி ஆட்டுவார். விளக்கு எரியும். கூடவே, ஆள் வருவதாக நினைத்துக்கொண்டு கழிப்பறை மூடி மெல்ல, மரியாதையாக, மேலே திறக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மூடிக்கொள்ளும். மறுபடி இருட்டு. மறுபடி கை. பதினோரு மணிக்கு விழுந்தவர், துண்டு தொங்கும் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றபோது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. எலும்பு எதுவும் முறியவில்லை. இடுப்பு மட்டும் மூன்று வாரம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

மகளிடம் சொல்லவில்லை. "அவ அங்க பத்து பேஷன்ட்ட தூக்கி விட்டுட்டு வந்து உக்காந்திருப்பா. அம்மா விழுந்த கதைய வேற கேக்கணுமா?"

வெள்ளிக்கிழமை படத்தில் மட்டும் சொன்னார். குளியலறைத் தரையைக் காட்டி, "மிஸ், டியூஸ்டே ஐ ஃபால் டவுன் ஹியர். டூ அவர்ஸ் மோர் கான்ட் கெட் அப்" என்றார். ஐந்து மணிக்கு வந்தது: 'ரிசீவ்ட். தேங்க் யூ.'

ரயிலில் நின்றுகொண்டே அதை ஏழெட்டு முறை படித்தார். அவசரத்தில் பார்த்திருப்பாள், அந்த இடத்தைத் தள்ளிவிட்டிருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் அன்று முதல் ஒரு கேள்வி அவரோடு குடியேறிவிட்டது. அடுத்த முறை விழுந்தால், எழ முடியாமல் போனால், யாருக்குத் தெரியும்? எத்தனை நாள் கழித்துத் தெரியும்? கைப்பை அறையில் குளிர் ஒரு டிகிரி குறைந்தால் சிங்கப்பூரில் மணி அடிக்கும். டொரத்தியை இந்த வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியோ மாதக் கடைசியில்தான் கூப்பிடும்.

அடுத்த வாரம் கைப்பேசியைக் குளியல் தொட்டி விளிம்பில் சாய்த்துவைத்து, விழுந்த இடத்திலேயே போய்ப் படுத்தார். வலது கன்னம் தரையில் ஒட்ட, ஒரு கை மடங்க, அன்று கிடந்தது போலவே. ஒரு நிமிடம். வெட்கமாகத்தான் இருந்தது. பாவாடையைக் கணுக்கால் வரை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, மிச்ச அறைகளைப் படமெடுத்து அனுப்பினார்.

'ரிசீவ்ட். தேங்க் யூ.'

அதற்கும் அடுத்த வெள்ளி அவர் படமே எடுக்கவில்லை. மூன்று மணிக்குச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கைப்பேசியை எதிரே வைத்தார். படம் வரவில்லையே என்று அவள் கேட்பாள். மூன்றரைக்குக் கேட்காவிட்டாலும் நாலரைக்காவது கேட்பாள். என்ன பதில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்துவைத்திருந்தார்: சாரி மிஸ், ஃபோன் பேட்டரி ப்ராப்ளம். நாலே முக்காலுக்குக் கைப்பேசியின் ஒலியைக் கூட்டிவைத்தார். எழுந்து ஒரு முறை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்குக் கைப்பேசி ஒளிர்ந்தது.

'ரிசீவ்ட். தேங்க் யூ.'

அனுப்பாத படத்துக்கு நன்றி. டொரத்தி அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தாரோ, ஜன்னலில்லாத அந்தச் சமையலறையில் விளக்கு அணைந்துபோனது. அவர் கையை ஆட்டவில்லை. அந்த இருட்டிலேயே பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

பின்வாசலில் பக்கிரிசாமி பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது டொரத்தி கேட்டார். "அண்ணே, நான் சாயங்காலம் அஞ்சுக்கு எறங்கலன்னா, மேல வந்து பாப்பிங்களா?"

"ஏன்க்கா, ஓவர்டைமா?"

"சும்மா கேக்குறேன். விழுந்து கிழுந்து கெடந்தா?"

பக்கிரிசாமி அவர் முகத்தைப் பார்த்தார். மகாராணி பட்டத்தை அன்று எடுக்கவில்லை. "போன இடுப்புலயே சொருகி வச்சிக்க வேண்டிதானே?"

"வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். யாருக்கு அடிக்கிறது?"

அவர் பையின் ஜிப்பை மூடினார், மறுபடி திறந்தார். "டூட்டில எங்க போனு லாக்கர்ல இருக்கும்க்கா. லிஃப்ட் கார்டும் எங்ககிட்ட இல்ல. எனக்கு சிஃப்டு மாறுனா ஒங்கள யாருன்னே தெரியாத பையன் நிப்பான். கதவு அலாரம் அடிச்சா மட்டுந்தான் கன்ட்ரோல் ரூம்ல கார்டு குடுப்பாங்க. மெயின் கதவு ரெண்டு நிமிசத்துக்கு மேல தொறந்து கெடந்தா அடிக்கும்."

"அடிச்சா?"

"யார் டூட்டினாலும் ஓடி வரணும். மூணு நிமிசம் டைம். லேட்டானா எங்களுக்கு வார்னிங்கு."

"மூணு நிமிசமா!"

"அக்கா, அக்கா, வேணாம்." பக்கிரிசாமி குரலைத் தாழ்த்தினார். "போன வருசம் முப்பத்தொம்போதாவது மாடில ஒரு இந்தோனேசியா பொண்ணு, காத்துக்காகத் தொறந்து வச்சிச்சு. ரிப்போர்ட் போச்சு. மறுநாளு ஏஜென்சிக்காரன் ஆள மாத்திட்டான். ஒங்க வயசுக்கு இந்த மாதிரி வேல திரும்பக் கெடைக்குமா சொல்லுங்க."

"கெடைக்காது" என்றார் டொரத்தி. பையை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சனிக்கிழமை வழக்கம்போல வந்தார். பக்கிரிசாமிக்கு அன்று விடுமுறை, நாற்காலியில் வேறொருவர். பையைச் சோதித்தார், இவர் முகத்தைப் பார்க்கவில்லை. டொரத்தி மேலே போய் அடுக்களைத் துணியை மாற்றினார். பூந்தொட்டிகளைத் துடைத்தார். பெரிய குளியலறை வாசல்வரை போனவர், உள்ளே கால் வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தரை துடைக்கும் துணியை எடுத்து நான்காக மடித்துக்கொண்டு முன்கதவுக்கு நடந்தார்.

ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும் தேக்குக் கதவு. விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அதை இழுத்துத் திறந்து, மடித்த துணியைக் கீழ் இடுக்கில் கொடுத்தார். கதவு துணியில் இடித்து நின்றது. வெளியே லிஃப்ட் கூடம் காலியாக இருந்தது. டொரத்தி சுவரோரமாக நின்று, வேலைக்கு முதல் நாள் வந்தவர் போல மேல்சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

மணி அலறத் தொடங்கியது. அவர் திடுக்கிட்டுக் கதவைப் பிடித்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, கால் பெருவிரலால் துணியை இன்னும் ஓர் அங்குலம் உள்ளே தள்ளினார்.