மகளுடைய சீட்

மருமகன் வீட்டுக்கு வந்தால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பேசுகிறவள் நான். "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீகளா" என்பதற்கு மேல் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என் மாமியார் போன இடத்திலிருந்து எழுந்து வந்து திட்டுவார் என்று நம்புகிறவள். அப்படிப்பட்ட நான் போன ஆடி மாதம் நெதர்லாந்து என்ற நாட்டில், என் மகளின் சுடிதாரை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சைக்கிள் மிதித்தேன். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீளமான சைக்கிள். ஹேண்டில்பார், பிரேக், பெல் எல்லாம் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவருக்குக் காலுக்கு மட்டும்தான் வேலை.

அந்தப் பின் சீட் என் மகளுக்காக வாங்கியது. கல்யாணமாகி இரண்டு பேரும் அங்கேதான் வேலையில் இருந்தார்கள். தெற்கே ஐந்தோவன் என்கிற அவர்கள் ஊரிலிருந்து வடக்கே கடல் வரைக்கும் அந்த சைக்கிளிலேயே போவதென்று லீவு போட்டு, வழியில் தங்க இடமெல்லாம் பார்த்து வைத்திருந்தார்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஆபீசில் தலை வலிக்கிறது என்று சொன்னவள், அன்று சாயங்காலமே போய்விட்டாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று போனில் சொன்னார்கள். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடித்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. சேதி சொல்ல வேறு வார்த்தையா கிடைக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

எனக்கு அப்போது பாஸ்போர்ட்கூடக் கிடையாது. அங்கேயே எரித்துவிட்டு, மாப்பிள்ளை ஒரு சின்னச் சட்டியோடு வந்து இறங்கினார். முகத்தைப் பார்க்காமல் கரைத்த பெண் அவள்.

முதல் வருஷத் திதி முடிந்த பிறகு மாப்பிள்ளை போன் செய்தார். "அத்தை, அவ துணிமணியெல்லாம் அப்படியே இருக்கு. அலமாரியைத் தெறக்க என்னால முடியல. நீங்களும் மாமாவும் வந்து எடுத்துட்டுப் போறீகளா?"

ஆடி மாதம் தீபாவளி சீசன் முறுக்கி நிற்கும். பிரஸ்ஸில் மெஷின் ஓயாது. "எனக்கு லோடு கெடக்கு, நீ போயிட்டு வா" என்றார் என் வீட்டுக்காரர். மகள் போனதிலிருந்து அந்த மனுஷனுக்கு எப்போது பார்த்தாலும் லோடுதான். அவர் அழுது நான் பார்த்ததில்லை. லேபிள் கட்டுகளைத் தூக்கித் தூக்கி வைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆக, நான் மட்டும் போனேன். விமான நிலையத்தில் மாப்பிள்ளையோடு கறுப்பாக ஒரு பெண்ணும் வந்து நின்றாள். திருச்சிப் பக்கத்துக்காரி, என் மகளோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவள். "அம்மா, வழியில சாப்பிடுங்க" என்று ஒரு தூக்குவாளியில் தக்காளி சாதம் கொடுத்தாள். அந்தக் குளிரிலும் சூடு ஆறாமல் இருந்தது. நல்ல பிள்ளை என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பின்னால் இருந்த மரக் கொட்டகையைத் திறந்து அந்த சைக்கிளைக் காட்டினார். வெகுநேரம் அதைத் துடைப்பது மாதிரி பாவனை செய்துகொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"விக்கவும் மனசில்ல அத்தை, ஒத்தையில ஓட்டவும் முடியாது. நீங்க வாறீகளா? மெதுவாப் போவோம்."

சிரிப்பு வந்தது. ஆமத்தூரிலிருந்து விருதுநகருக்குப் பள்ளிக்கூடம் போக சைக்கிள் மிதித்தவள்தான் நான். அதற்கப்புறம் மிதித்ததெல்லாம் தையல் மெஷின். ஆனாலும் சரி என்றேன். அதற்குக் காரணம் ஊர் பார்க்கிற ஆசை இல்லை.

என் மகளின் கடைசி மூன்று வருஷம் இந்த ஒரு மனிதரிடம்தான் இருக்கிறது. என்ன சாப்பிட்டாள், எதற்குச் சண்டை போட்டாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள் என்று தெரிந்தவர் உலகத்தில் இவர் ஒருவர்தான். ஊரில் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்கள். "சின்ன வயசு, எம்புட்டு நாளைக்கு அந்தப் பையன் ஒத்தையில இருப்பான்?" நியாயம்தான். ஆனால் இன்னொருத்தி வந்த பிறகு முதல் பெண்டாட்டியைப் பற்றி மாமியாரிடம் உட்கார்ந்து பேசுகிற ஆம்பிளை உண்டா? பேசினால் அவளுக்குத்தான் அடுக்குமா? கிணறு வற்றுவதற்குள் இறைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அந்த சீட்டில் ஏறினேன்.

முதல் நாள் கவட்டை வலியில் உயிர் போனது. சைக்கிளுக்கென்றே செம்மண் நிறத்தில் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் ஊர்ப் பேருக்குப் பதிலாகப் பலகைக்குப் பலகை நம்பர். இருபத்தேழிலிருந்து அறுபத்திரண்டுக்குப் போ என்கிறது. நடுவில் வாய்க்கால், மாடு, மறுபடியும் வாய்க்கால். எங்கள் பிரஸ்ஸில் ஒரு மத்தாப்புப் பெட்டிக்குப் பல வருஷமாகக் காற்றாலைப் படம்தான் அடிக்கிறோம். அதை நிஜத்தில் பார்த்தேன். எங்கள் லேபிளில் இருப்பது இதைவிட எடுப்பாக இருக்கும்.

ஆனால் ஒன்று நடந்தது. எதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தால் வந்தது. அவருக்கும் அப்படித்தான் போல. நான் கேட்கக் கேட்க, காற்றில் தலையைக் கொஞ்சம் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். என் மகள் சந்தையில் பச்சை மீனை வாலைப் பிடித்துத் தூக்கி அண்ணாந்து சாப்பிட்டாளாம். எங்கள் வீட்டில் மீன் அலசிய தண்ணீர் வாடைக்கே மூக்கைப் பொத்தியவள்! பாலத்திலிருந்து சைக்கிள் இறங்கும்போது பின்னால் இருந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வாளாம். பிறகு, "நான்தான் பேலன்ஸ் பண்ணேன்" என்பாளாம். அங்கே புது வருஷ ராத்திரிக்குத் தெருவெல்லாம் வெடி போடுவார்களாம். இவள் குல்லாயும் கையுறையுமாக வாசலில் நின்றுகொண்டு, "பொகையப் பாருங்க, மருந்தே சரியில்ல. சரத்தை இப்படியா கொளுத்துவாக?" என்று ஒவ்வொன்றுக்கும் குற்றம் சொல்வாளாம். எல்லாம் முடிந்து உள்ளே வந்து, "எங்கப்பா இப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருப்பாரு" என்று கேட்டு அழுவாளாம்.

அதைக் கேட்டபோது நல்ல வேளையாக அவர் முதுகுதான் என் பக்கம் இருந்தது. மகளின் மழைக்கோட்டுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் தங்கிய இடத்திலிருந்து ஊருக்குப் போன் போட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்" என்றார். "மருந்து சரியில்லன்னா சொன்னா?" என்று கேட்டார். பிறகு லோடு வந்திருக்கிறது என்று வைத்துவிட்டார்.

பாதி வழியில் அகலமான ஓர் ஆறு வந்தது. சைக்கிளோடு ஏறிக் கடக்கிற படகுக்காகக் கரையில் காத்திருந்தோம். மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்தி, "சாப்டியா?" என்றார்.

அந்த ஒரு "சாப்டியா" போதும் எனக்கு. கட்டினவளிடமோ, கட்டிக்கொள்ளப் போகிறவளிடமோதான் ஆம்பிளை அந்தக் குரலில் கேட்பான். யார் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தக்காளி சாதம் நெஞ்சில் வந்து நின்றது.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி இறந்தவர் மறு கல்யாணம் செய்வதாக இருந்தால், முகூர்த்தத்துக்கு முன்னால் போனவளுக்குப் புதுப் புடவை வைத்துப் படைத்துக் கும்பிடுவார்கள். மூத்தவள் படையல் என்று பேர். படைத்த புடவையை வரப்போகிறவள் கட்டிக்கொள்வாள். அந்தப் புடவையை மூத்தவளைப் பெற்றவள் எடுத்துத் தர வேண்டும். தந்தால் மூத்தவள் மனசார வழிவிட்டாள் என்று அர்த்தம். தராமல் போனால், அந்தக் கல்யாணத்தின் மேல் அவள் கண் நிற்கும் என்பார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இந்த சைக்கிள், இந்த உபசாரம், அத்தை அத்தை என்று கதை சொன்னது எல்லாமே ஒரு புடவைக்குத்தான். குழந்தைக்கு மிட்டாய் கொடுத்துக் கையில் இருப்பதை வாங்குகிற மாதிரி, என் மகளின் கதையை எனக்கே கொடுத்து அவளை வாங்கப் பார்க்கிறார்.

படகிலிருந்து இறங்கி சைக்கிளில் ஏறியதும் நான் பேசவில்லை. மிதிக்கவும் இல்லை. அந்த சைக்கிளில் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை. அவர் மிதித்தால் என் காலும் சேர்ந்து சுற்றும். சும்மா சுற்ற விட்டேன்.

"அத்தை, கால் வலிக்குதா?"

"இல்ல."

"மிதிக்கலியோன்னு பாத்தேன்."

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கால் சுத்துறது தெரியலையா?"

"கால் சுத்துது அத்தை. பாரமெல்லாம் எனக்கு வருதே."

வரட்டும் என்று இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. எதிர்காற்று வேறு. அவர் முதுகு குனிந்து குனிந்து எழுந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாளும் அப்படித்தான். நான் கேட்காததால் அவரும் கதை சொல்லவில்லை. என்னுடைய வீம்பால் இரண்டு நாள் கதை எனக்கு நஷ்டம். அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

கடல் வந்துவிட்டது. கடல் உள்ளே வராமலிருக்க உயரமாக மண்மேடு போட்டு, புல் வளர்த்து, அதில் செம்மறி ஆடுகளை மேய விட்டிருந்தார்கள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு மேட்டில் ஏறினோம். அந்தப் பக்கம் அலையே இல்லை. சேறும் ஈயத் தகடு போன்ற தண்ணீரும்தான். இதைப் பார்க்கவா இவ்வளவு ஆசைப்பட்டாள் என்று இருந்தது. மாப்பிள்ளை எதிரே வந்து நின்றார். முதல் முறையாக முகத்துக்கு முகம் கேட்டேன்.

"அந்தத் திருச்சிப் பொண்ணைக் கட்டிக்கப் போறீகளா?"

அவர் பொய் சொல்லவில்லை. "ஆமா அத்தை. நீங்க சம்மதிச்சா."

"அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் என்னை உக்கார வச்சு மிதிச்சீகளாக்கும். புடவை வேணும்னா போன்லயே கேட்ருக்கலாமே? இதுக்கு எதுக்கு என் மக சைக்கிளு?"

அவர் அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சின்னப் பையன் மாதிரி புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"சைக்கிள்ல நான் அந்தப் பொண்ணைத்தான் கூப்ட்டேன் அத்தை. கடல் வரைக்கும் போயிட்டு வந்துட்டா மனசு ஆறும்னு நெனைச்சேன். அவ ஏற மாட்டேன்னுட்டா. 'அது அக்கா சீட்டு, நான் உக்கார மாட்டேன். அக்காவோட அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. அவுங்கதான் உக்காரணும்'னு சொன்னா. உங்களுக்கு டிக்கெட் போட்டதும் அவதான். வழியில கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது, அக்காவைப் பத்தி மட்டும்தான் பேசணும்னும் சொல்லித்தான் அனுப்புனா."

கடலைப் பார்த்து நின்றேன். என் மகள் வந்து சேர வேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. "ஏம்மா, என் பிள்ளையே" என்று சத்தமாகவே அழுதேன். ஆடுகள் ஓடின. ஏழு கடல் தாண்டிப் போய் ஒப்பாரி வைத்தவள் நானாகத்தான் இருப்பேன். மாப்பிள்ளை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அது எங்கள் வழக்கத்தில் இல்லை. நான் விலக்கவில்லை.

திரும்பி வந்து பெட்டி கட்டும்போது அந்தப் பெண் வந்து உதவினாள். என் மகளின் புடவைகளை அவள் தொடத் தயங்கியதைப் பார்த்தேன். "மடி தாயி, ஒனக்கு நல்லா மடிக்க வருது" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். அதற்கு மேல் அன்றைக்கு முடியவில்லை.

ஊருக்கு வந்து இவரிடம் சொன்னேன். தூக்கிய லேபிள் கட்டைக் கீழே வைத்தார். "அந்தப் பயலும் எம்புட்டு நாளைக்கு ஒத்தையில பொங்கித் திம்பான்? நீயே போய்ப் புடவை எடு" என்றார்.

தை மாதம் முகூர்த்தம் வைத்தார்கள். நாரணாபுரத்தில் மாப்பிள்ளையின் அம்மா வீட்டில் படையல் என்று முடிவானது. கார்த்திகையில் ஒரு நாள் விருதுநகர் பஜாரில் நாங்கள் வழக்கமாக எடுக்கிற கடைக்குத் தனியாகப் போனேன். என் மகளின் கல்யாணப் புடவையும் அங்கே எடுத்ததுதான். கடைப்பெண் தண்ணீர் கொடுத்தாள்.

"என்ன விசேசம்க்கா?"

"கல்யாணம். பட்டு காட்டு தாயி."

"மகளுக்கா?"

"ஆமா" என்றேன்.

அவள் குங்கும நிறம், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று விரித்துப் போட்டாள். மஞ்சளை நான் கையில் எடுத்தேன். என் மகளுக்கு மஞ்சள்தான் பிடிக்கும், மாநிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று அவளே சொல்வாள். படையலுக்கு வைப்பது அவளுக்குத்தானே, அவளுக்குப் பிடித்ததையே எடுத்துவிடலாம் என்று முந்தானையைத் தடவிக்கொண்டே இருந்தேன். கடைப்பெண் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கட்டிக்கப் போற பொண்ணு என்ன நெறம்க்கா? அதுக்குத் தக்கன எடுத்துப் போடுறேன்."

வாயில் மாநிறம் என்றுதான் வந்தது. விழுங்கினேன்.

"நல்ல கறுப்பு. களையா இருப்பா" என்றேன்.

அவள் மஞ்சளை என் கையிலிருந்து வாங்கி மடித்து உள்ளே வைத்தாள்.