கிள்ளப்பட்ட பெரணி

ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய சுருண்ட பெரணித் தளிர்களை வேகவைத்தபோது ஈர மண்ணும் கசப்பும் கலந்த வாடை எழுந்தது. வேலை முடிந்து வந்த களைப்பிலும் அந்த வாடையை அடையாளம் கண்டுகொண்டேன்.

எழுபதுகளில் அப்பா, நாங்கள் குடிபெயர்ந்த குளிர்நாட்டில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் தாவர ஆராய்ச்சியாளர். ஜப்பானிய மலைப் பெரணி ஒன்றைத் தூசி போன்ற வித்துகளிலிருந்து நான்கு வருடமாக வளர்த்துவந்தார். வித்து தாங்கும் தளிர்கள் அந்த வசந்தத்தில்தான் முதன்முதலாகத் தலைகாட்டின. செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடத்தில் வெப்பக்குழாய் பழுதானதால், குளிருக்குப் பயந்து தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, என்னிடம் மட்டும் காட்டினார்.

மறுநாள் மாலை, ஆஸ்பத்திரி வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வந்த அம்மா, அந்தத் தளிர்களைக் கீரை என்று நினைத்துக் கிள்ளிப் பொரியல் செய்துவிட்டாள்.

அப்பா வெறும் தொட்டியைப் பார்த்தார். பிறகு வாணலியைப் பார்த்தார்.

"வேகவச்ச தண்ணிய கொட்டிட்டியா?"

"ரெண்டு தடவை கொட்டினேன். அப்பவும் கசக்குது. ஏங்க?"

"ஒண்ணுமில்ல, போடு" என்று உட்கார்ந்து சாப்பிட்டார்.

அம்மா அந்தப் பக்கம் போனதும், "ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"வேர் இருக்கும்மா. அடுத்த வருஷம் வரும்."

வரவும் செய்தது. அப்பா கடைசிவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

இன்று, எண்பத்தைந்து வயது அம்மாவின் தட்டில் பொரியலை வைத்துவிட்டு அந்தக் கதையைச் சொன்னேன். அவள் ஒரு தளிரை எடுத்து மென்றாள்.

"நல்ல மனசுன்னு நெனைக்கிற நீ" என்றாள். "திட்டக்கூடத் தெம்பு இருந்திருக்காதுடி அவருக்கு."