சுவரில் நிற்பதை எண்ணக் கூடாது

மெல்லிசு என்று பெயர், எடை தொண்ணூற்றாறு கிலோ. அந்த ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்த்ததும், சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கேலிக்கு வைத்த பெயர் இல்லை அது, மரியாதைக்கு வைத்தது. மெழுகில் பதித்த சதைத் துணுக்கை அவரளவுக்கு மெல்லிசாகச் சீவ அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் கிடையாது. ஒரு தலைமுடியின் கனத்தை இருபது பங்காக்கினால் ஒரு பங்கு, அவ்வளவுதான் அவர் சீவலின் கனம்.

நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கு மூடி போட்ட குப்பியில் வரும். அதை மெழுகில் பதித்துப் பாளமாக்கி, கைச்சக்கரம் வைத்த வெட்டு இயந்திரத்தில் சீவினால், சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன் மாதிரி இறங்கும். அந்த ரிப்பனை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் தகட்டை அடியில் கொடுத்து அலுங்காமல் ஏந்தி எடுக்க வேண்டும். ஒரு பாளம் முடிந்ததும் மெல்லிய தாளால் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருடைய துணுக்கு தண்ணீரிலேயே கிடந்து இன்னொருவருடைய தகட்டில் ஏறிக்கொள்ளும். இதை அவர் புதியவர்களிடம் சொல்லும் தோரணையில், முதல் நாளே பாதிப் பேருக்கு வேலையை விட்டு ஓடிவிடலாமா என்று இருக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. செய்துகொள்ள மறந்துவிட்டார் என்பது அவர் தங்கையின் கட்சி. தங்கை கீழ் வீட்டில், இவர் மாடியில், சாப்பாடு கீழே. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். தன் காலடியில் தனி பிரேக் வைத்த காரில், நாள் முழுக்க அடுத்தவருடைய பயத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவள் பிழைப்பு. வயது நாற்பத்து நான்கு. இவருக்கு இன்னும் பாப்பாதான்.

மறதி என்று அவள் சொன்னது உண்மையில் கனவு. மனிதர் பாதி நேரம் இந்த உலகத்தில் இருக்க மாட்டார். துறைத் தலைவியான டாக்டரம்மா ஒரு நாள் தன் கணினியில் ஒரு வீடியோப் படத்தைக் காட்டியதிலிருந்து அது முற்றிப்போயிற்று. உயிரோடிருக்கும் எலியின் ரத்தக்குழாய் ஒன்று. சிவப்பணுக்கள் அடித்துப் புரண்டு ஓடுகின்றன. அந்த வெள்ளத்தில் ஒரு வெள்ளையணு மட்டும் கரையோரம் ஒதுங்கி உருளுகிறது. வேகம் குறைகிறது, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது, ஓரிடத்தில் நிற்கிறது. பிறகு தட்டையாகிப் படுத்து, சுவரின் இரண்டு அணுக்களுக்கு நடுவே இல்லாத இடுக்கைக் கண்டுபிடித்து, முதலில் ஒரு விரல், அப்புறம் தோள், அப்புறம் தன் உட்கருவையும் நசுக்கி ஒடுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி உருண்டையாகிறது. நாலைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

"இவங்கதான் நம்ம காவல்காரங்க, மெல்லிசு சார்," என்றார் டாக்டரம்மா. "புத்துக்கட்டிக்குள்ள இருக்கற குழாய்ங்க பெரிய திருடனுங்க. சுவர்ல புடிச்சு நிக்கக் கொக்கியே வைக்காது. காவல்காரன் உருண்டுக்கிட்டே வருவான், புடிக்க ஒண்ணும் இல்லாம அப்படியே தாண்டிப் போயிடுவான். உள்ள என்ன நடக்குதுன்னே அவனுக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு மெல்லிசு எங்கே போனாலும் உருண்டுகொண்டேதான் போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரு முழுக்க வெள்ளம், வீடுகள் எல்லாம் சுவரணு, தான் ஒரு வெள்ளையணு. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. கொக்கி வைக்காத பாவிகள் என்று அவர் மனசுக்குள் திட்டிக்கொண்டது அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியாது.

கட்டியின் குழாய்ச் சுவரை ஒழுங்குபடுத்திக் காவல்காரர்களை உள்ளே விடும் மருந்து ஒன்றை டாக்டரம்மா சோதித்துக்கொண்டிருந்தார். ஆறு வாரம் மருந்து, பிறகு ஊசியால் ஒரு துணுக்கு. மெல்லிசு அதைச் சீவிச் சாயமேற்றி எண்ணித் தர வேண்டும். குழாய்ச் சுவர் பழுப்பாகவும் காவலணுக்கள் சிவப்பாகவும் தெரியும். குழாய்க்குள் இருப்பது, சுவரில் இருப்பது, கடந்து கட்டிக்குள் இறங்கியது என மூன்று வகை. இறங்கியதுதான் கணக்கு. வாசலில் நிற்கிறவரை வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று சொல்வதற்கில்லையே. இறங்கியது ஐம்பதைத் தாண்டினால் மருந்து தொடரும். தாண்டாவிட்டால் தாமதிக்காமல் அறுவைதான். குப்பிமேல் பெயர் இருக்காது, எண் மட்டும். யாருடையது என்று தெரிந்தால் எண்ணுகிற கண் ஆசைப்பட்டுவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

தங்கையின் வலது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி இருப்பது தெரிந்து, அவளும் இந்தச் சோதனையில் சேர்ந்தபோது, மெல்லிசு டாக்டரம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய துணுக்கை வேறு ஆளிடம் கொடுப்பார்கள், வேறு ஆள் கனமாகச் சீவுவார் என்பது அவர் கவலை. தங்கையின் உடம்பைத் தடிப்பாகச் சீவ இன்னொருவரை விடுவதா? கர்வம் என்று இதைச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் கர்வம்தான்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவளை ஊசிக்கு அழைத்துப் போனது அவரேதான். அன்றைக்கு வந்த ஒரே குப்பியின் எண் முப்பத்தெட்டு. மறுநாள் காலை, சாயம் சரியாக ஏறுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எப்போதும் போல ஒரு டான்சில் பாளத்தை முதலில் சீவினார். டான்சில் தொண்டையில் இருக்கும் காவல் நிலையம் மாதிரி, காவலணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். பிறகு முப்பத்தெட்டை வைத்தார். நூல் போல ஒரு துணுக்கு. சக்கரத்தைச் சுற்றச் சுற்ற ரிப்பன் இறங்கியது. அவர் கண்ணுக்கு அது தண்ணீரில் விரிகிற தெருவாகத் தெரிந்தது, தெருவில் பாப்பா பள்ளிப் பையோடு முன்னால் ஓடினாள். நடுவில் தண்ணீரை வழித்தாரா என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை தகடு தயாரானது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். நூல் துணுக்கின் ஒரு முனையில் சிவப்புக் கூட்டம், குழாய்களைச் சுற்றிக் காலூன்ற இடமில்லாமல் இறங்கியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. தாளில் எழுதி டாக்டரம்மா மேசையில் வைத்துவிட்டு, தலைகால் புரியாமல் மாடிப்படியில் நின்று போன் போட்டார்.

"பாப்பா, உள்ள வந்துட்டாங்க."

"யாரு? எங்க? இங்க ஒருத்தர் காரைச் சந்துக்குள்ள விட்டுட்டு முழிக்கறார், சீக்கிரம் சொல்லு."

"காவல்காரங்க. இருநூத்திப் பன்னெண்டு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

 அவள் பக்கத்து ஆளிடம், "வண்டிய ஓரமா நிறுத்துங்க சார்," என்பது கேட்டது. அதற்குப் பிறகு அழுகை.

மறுநாள் காலை அவள் எட்டரை மணிக்கு எழுந்தாள். ஆறு வாரமாக அவள் நாலு மணிக்கு மேல் தூங்கியதில்லை. அண்ணனும் தங்கையும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தை இன்னொரு தடவை பார்க்கலாம் என்றுதான் அவர் தகட்டை மறுபடி எடுத்தார். கூட்டத்தின் ஊடே கனவில் நடக்கிற மாதிரி நிதானமாக நகர்த்திக்கொண்டு போனார். விளிம்பில் தட்டைத் தட்டையான அணுக்கள் அடுக்கடுக்காக ஒரு பட்டை கட்டியிருந்தன. தொண்டையின் உள்தோல் அப்படித்தான் இருக்கும். சிறுநீரகத்தில் அந்த இடத்தில் அதற்கு வேலையே இல்லை.  நூலின் முனை என்று நினைத்தது முனை அல்ல. தண்ணீரில் தங்கிவிட்ட டான்சில் துணுக்கு, பாப்பாவின் நூலோடு சேர்ந்து ஏறியிருந்தது. யாரோ ஒருவருடைய தொண்டையை எண்ணிவிட்டு அவர் தங்கையைத் தூங்கவைத்திருக்கிறார்.

சும்மா இருந்தால் திங்கட்கிழமை மருந்து தொடரும். பாப்பா தூங்குவாள், சிரிப்பாள். கட்டியும் சிரித்துக்கொண்டே வளரும். அவர் அந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். முப்பத்தெட்டு யாருடையது என்பதையும் கேட்டார்.

"தண்ணி வழிக்காதது தப்பு. யாருக்கும் வரும். தங்கச்சின்னு சொல்லாதது? அது தெரிஞ்சு பண்ணினது இல்லையா சார்?"

"ஆமாங்க."

"இனிமே இந்தச் சோதனையில நீங்க எண்ண வேண்டாம். பாளத்துல எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"ரெண்டு சீவல் வரும். கை தவறினா அதுவும் இல்ல."

டாக்டரம்மா மெல்லிசின் கைகளைப் பார்த்தார். "அப்போ நீங்களேதான் சீவணும். நான் பக்கத்துல நிக்கறேன்."

தண்ணீரை மூன்று முறை வழித்தார். கை நடுங்கவில்லை, அதற்காக அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சாயமேறி முடிய மாலையாயிற்று. இருவர் சேர்ந்து பார்க்கும் நுண்ணோக்கியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எண்ணியது டாக்டரம்மா. இறங்கியது ஒன்பது.

ஆனால் சுவரில் நாற்பத்தொன்று. இதற்கு முந்தைய துணுக்குகளில் சுவர் வெறிச்சென்றுதான் இருக்கும். இப்போது பழுப்புக் கோட்டை ஒட்டிச் சிவப்பு சிவப்பாக நின்றிருந்தார்கள். ஒன்று சுவரில் பாதி நுழைந்திருந்தது. இடுப்பு ஒடுங்கி, தலை அந்தப் பக்கம், உடம்பு இந்தப் பக்கம். 

"இது பாதி வந்துடுச்சு. டாக்டரம்மா, இன்னும் ஒரு நாலு நிமிஷம் விட்டிருந்தா முழுசா வந்திருக்கும். இப்படி நாப்பத்தொண்ணு நிக்குதே."

"சுவர்ல நிக்கறத எண்ணக் கூடாது. அத எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கறது நீங்கதான்." அவர் குரலில் கோபம் இல்லை. "மருந்து கொஞ்சம் வேலை செஞ்சிருக்கு. உங்க தங்கச்சிக்குக் காத்திருக்க நேரம் இல்ல. ஆபரேஷன் பண்ணிடலாம்."

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்பது என்றார். யாருடைய தொண்டையோ என்றார். அவள் ஒரு சட்டையை மடித்துப் பிரித்து, பிரித்து மடித்தாள்.

"கண்ணாடியப் பாக்காம வண்டியத் திருப்பிட்ட," என்றாள் கடைசியில். "எங்கிட்ட கத்துக்க வர்றவங்க பண்ணுவாங்க இந்த வேல."

"பாப்பா, நான்..."

"பேசாத. என் துணுக்க வேற யாருமே தொடக் கூடாதுன்னு நெனச்ச இல்ல? எனக்கு ஒரு அண்ணன் இருக்காருன்னு நெனச்சேன். நீ ஆறு வாரமா லேப்ல இருந்த. ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒவ்வொரு தடவையும் நான் தனியாதான் உக்காந்திருந்தேன். ஊசி போட்ட அன்னைக்குக்கூட வாசல்ல விட்டுட்டு, குப்பிக்குத் தொட்டி சூடு பண்ணணும்னு ஓடிட்ட."

 வெள்ளம், கொக்கி, காவல்காரர்கள் என்று ஆயிரம் கனவு கண்டவர், அந்த வராண்டாவை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த புதன்கிழமை அறுவை. மெல்லிசு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அறுவை அரங்குக்கு வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் வெயில் படுவதில்லை, நேரம் நகர்வதும் தெரிவதில்லை. யாரோ வந்தார்கள், யாரோ போனார்கள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. ஊழியர் ஒருவர் மூடி போட்ட வெள்ளை வாளியோடு வெளியே வந்தார். வெட்டியெடுத்ததைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகிற வாளி. இருபத்தேழு வருஷமாக அந்த வாளியைக் கண்டால் பின்னாலேயே போன கால்கள் அவை. எழுந்துவிட்டன.

"என்ன சார், வர்றீங்களா?" என்றார் ஊழியர்.

மெல்லிசு வாளியைப் பார்த்தார். உள்ளே இருப்பது யாருடையது என்று தெரியும். அதை முதலில் திறப்பது யார், எப்படிச் சீவுவார்கள், தண்ணீரை வழிப்பார்களா. எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

"நீங்க போங்க," என்றார். உட்கார்ந்தார்.

இன்னும் ஒரு மணி நேரம் கழித்து அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. மயக்கத்தில் உதடு மட்டும் அசைந்தது. அவர் தன் தொண்ணூற்றாறு கிலோவையும் மடக்கிக் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அண்ணா... நீ லேபுக்குப் போகலையா?"

"இல்ல பாப்பா."

"அப்போ... யாரு சீவறா?"

"தெரியல," என்றார். அவள் கை போர்வைக்கு வெளியே வந்து எதையோ தேடியது. அவர் தன் விரல்களைக் கொடுத்தார்.