அப்பா தூங்குற நேரத்துல வீட்ட மாத்துறது

பகல்ல தூங்குற ஆளு ஒருத்தர் வீட்ல இருந்தா, எப்போ ஆள கூப்ட்டு வீட்ட ரிப்பேர் பண்ணுவீங்க? யோசிச்சு பாருங்க. எலக்ட்ரிஷியன் பகல்லதான் வருவான். ரூஃப் பாக்குறவனும் பகல்லதான் வருவான். எங்கப்பா பாசிர் கூடாங் ஃபேக்டரில வருஷக்கணக்கா நைட் ஷிஃப்ட், அவரும் பகல்லதான் தூங்குவாரு. அதனாலயே மாசாய்ல வரிசையா ஒட்டி ஒட்டி கட்டுன எங்க டெரஸ் வீடு நான் பொறந்தப்போ இருந்த மாதிரியே கெடக்கு. யாராச்சும் "இந்த வயரிங் ரொம்ப பழசு"ன்னு ஆரம்பிச்சா போதும், அம்மா வாய்ல விரல வெச்சிருவாங்க. "அப்பா தூங்குறாரு." மேட்டர் க்ளோஸ்.

காமெடி என்னன்னா, அவரு தூங்குறதே இல்ல. மேல ஓடு, அதுக்கு கீழ மெல்லிசா ஒரு சீலிங், அதுக்கு கீழ எங்கப்பா. நடுவுல சூட்ட தடுக்க ஒண்ணும் கெடையாது. வெயில் ஏற ஏற ஃபேன் சூடாத்தான் வீசும். மத்தியானம் பாத்தா சாரோங் கைலியோட ஹால்ல வந்து வெறும் டைல்ஸ்ல உருண்டுக்கிட்டு இருப்பாரு. நாங்க அவரு மேல கால் படாம தாண்டி தாண்டி போவோம்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி காலையில வேல முடிஞ்சு வந்தவரோட முழங்கை பூரா சிராய்ப்பு. மோட்டர் பைக்ல ஒரு பக்கத்து கண்ணாடிய காணோம். அம்மாகிட்ட பார்க்கிங்ல எவனோ இடிச்சுட்டான்னு சொல்லிட்டாரு. எங்கிட்டதான் உண்மைய சொன்னாரு.

"சிக்னல்ல நின்னேன்மா. கண்ணு அசந்துருச்சு. அப்படியே சாஞ்சுட்டேன்."

"பின்னாடி லோரி இருந்துருந்தா?"

"இல்லல்ல."

எஞ்சினியரிங் படிச்சுட்டு வீட்ல ஒரு ஆள தூங்க வைக்க முடியலன்னா நான் என்னத்துக்கு? அன்னிக்கே லேப்டாப்ப தொறந்து ப்ளான் போட்டேன். மொதல்ல சீலிங்குக்கு மேல சூட்ட தடுக்குற பஞ்சு. அப்புறம் வயரிங். அப்புறம் கரண்ட்ட கொஞ்சமா குடிக்குற இன்வெர்ட்டர் ஏர்கான். கடைசியா சோலார். சோலார் போடுற அண்ணன் ஃபோன்ல கேட்டதுமே குஷி ஆயிட்டாரு. மத்தவங்க வீட்ல வெயில் அடிக்குறப்போ ஆளே இருக்க மாட்டாங்களாம், உங்க வீட்லதான் வெயில் நேரத்துல கரண்ட்டுக்கு சரியான வேல இருக்குன்னாரு.

அப்பாகிட்ட ப்ளான காட்டினேன். பெருமையா பாத்தாரு, அப்புறம் ஒவ்வொண்ணா வெட்டினாரு.

"ஏர்கான் வேணாம்மா. முட்டி புடிச்சுக்கும்."

"நீங்க ஏர்கான்ல தூங்கியிருக்கீங்களா மொதல்ல?"

"பஸ்ல போயிருக்கேன்ல."

"அய்யோ, அலமாக், அது பஸ்ஸுப்பா."

"சரி, ஓட்டு மேல ஏறி தட்டு தட்டுன்னு வேல பாப்பானுங்க. நான் எங்க தூங்குறது? உன் லேப்டாப்லயா?"

லீவு போட சொன்னேன், ஆளு பத்தல, கெடைக்காதுன்னுட்டாரு. அவரு தூக்கத்த சரி பண்ண அவரு தூக்கத்த கெடுக்கணும். அதுவும் ராத்திரி மறுபடி மோட்டர்ல ஏறப்போற ஆளோட தூக்கத்த. அம்மாவும் பயந்து, "அப்புறம் பாப்போம் லா"ன்னுட்டாங்க.

நான் விடுவேனா. பக்கத்து வீட்டு சைனீஸ் அங்கிள் ரிட்டையர் ஆனவரு, பகல் பூரா ஏர்கான போட்டு சீரியல் பாப்பாரு. கேட்டுக்கு மேலயே எட்டி விஷயத்த சொன்னேன். அவரு பெருசா யோசிக்கல. "தீடோர் சினி லா"ன்னாரு. இங்க வந்து தூங்க சொல்லுன்னு அர்த்தம். அப்பாவுக்குத்தான் ஒரே கூச்சம். அடுத்தவன் வீட்ல போய் குறட்ட விடவா, மானம் போயிரும்ன்னாரு. "அவருக்கு காது கேக்காதுப்பா, டிவி சத்தமே நம்ம வீடு வரைக்கும் வருது"ன்னு தள்ளி விட்டேன்.

பஞ்சு போட ஆளுங்க வந்த அன்னிக்கு, வேல முடிஞ்சு வந்தவரு குளிச்சுட்டு தலகாணியோட பக்கத்து வீட்டுக்கு நடந்தாரு. தெருவே பாத்துச்சு. எங்க வீட்ல ஓட்டு மேல ஒரே சத்தம். நான் தூசியில தும்மிக்கிட்டே அவருக்கு முட்டி புடிச்சிருக்குமா, எந்திரிச்சிருப்பாரான்னு வேலி வரைக்கும் போய் போய் பாத்தேன். மத்தியானம் வரல. ஆளுங்க வேல முடிச்சு கெளம்பிட்டாங்க, அப்பவும் வரல. அம்மா சாப்பாட்ட மறுபடி சூடு பண்ணாங்க.

சாயங்காலம் வந்தாரு. கன்னத்துல தலகாணி மடிப்பு அப்படியே பதிஞ்சிருக்கு. மொகம் வேற ஆளு மாதிரி. செருப்ப கழட்டக்கூட இல்ல.

"அந்த அங்கிள் வீட்டு ஏர்கான் எத்தன ஹார்ஸ் பவர்மா?"

நான் சிரிச்சு முடிக்கவே நேரம் ஆச்சு. அம்மா அடுப்படில திரும்பி நின்னு கண்ண தொடச்சுக்கிட்டாங்க, வெங்காயம்னு வேற சமாளிச்சாங்க. கையில வெங்காயமே இல்ல.

அப்புறம் எல்லாம் கடகடன்னு நடந்துச்சு. அவரே பக்கத்து வீட்ல தூங்க இன்னும் ரெண்டு நாள் கேட்டு வாங்கினாரு. வயரிங் முடிஞ்சுது, ஏர்கான் ஏறுச்சு. மேல பஞ்சு இருக்குறதால சின்ன ஏர்கானே போதுமாயிருச்சு. நான் பாத்த பெருசு தேவப்படல, கணக்குல கொஞ்சம் ஓவரா போயிட்டேன், பரவால்ல. முட்டி நல்லாத்தான் இருக்கு. சோலார் மட்டும் இன்னும் லேப்டாப்ல இருக்கு.

மோட்டர்ல புது கண்ணாடி மாட்டியாச்சு. அம்மாவுக்கு இன்னும் பார்க்கிங் கததான் தெரியும். அதையும் ஒரு நாள் சொல்லிக்கலாம்.

இப்போ மத்தியானம் ரெண்டு மணி, அப்பா இன்னும் எந்திரிக்கல.