ஒரே வீட்டில் இரண்டு அஞ்சலை

நான் பிறந்த அன்று பக்கத்துக் கொல்லைப் பனைமரத்தில் இடி விழுந்ததாம். பிரசவம் பார்த்த பெண்களெல்லாம் அலற, நான் மட்டும் முழித்துக்கொண்டு பேசாமல் கிடந்தேனாம். "பொண்ணு அஞ்சல" என்றாராம் அப்பா. அதுவே பேராகி, அஞ்சலை ஆனேன். இன்றைக்கும் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவேன் என்பது வேறு விஷயம்.

பழையசீவரத்திலிருந்து திருப்புலிவனத்திலுள்ள ஒரு விவசாயக் குடும்பத்துக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பத்திரிகை எழுத உட்கார்ந்தபோதுதான் மாமியார் பேரும் அஞ்சலை என்று தெரிந்தது. அவருடையது அஞ்சலாட்சியின் சுருக்கமாம்.

"எங்கம்மா பேரச் சொல்லி எந்தம்பி பொண்டாட்டிய எப்டி கூப்புடுவான்?" என்றார் நாத்தனார்.

மாமியாரின் கவலை வேறு. "நாளைக்கு இவள ஒரு வார்த்த திட்டணும்னா என்னையே திட்டிக்கினு இருக்கணுமா?"

எனக்கு தர்ஷினி என்று புதுப்பேர் வைத்தார்கள். கல்யாணமாகி வந்தபின் அந்தப் பேரை யார் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாமனார் வாயில் அது 'தரிசினி' ஆகி, போகப்போக 'தரிசு' ஆனது. மூன்று போகம் விளையும் வீட்டில் மருமகளைத் தரிசு என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தெருவே சிரித்தது.

"இந்த பேஜாரே வோணாம். அது பொறந்த பேர்லயே கூப்ட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார் மாமனார்.

மறுநாள் கழனியிலிருந்து வந்தவர் வாசலில் நின்று, "அஞ்சல, தண்ணி கொண்டாம்மா" என்றார். நான் சொம்போடு போனேன். எதிரே அத்தையும் ஒரு சொம்போடு வந்தார். கல்யாணமான நாள் முதல் அவரை மாமனார் 'இந்தா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"இன்னாது, பேரச் சொல்லி கூப்புடற?" என்றார் அத்தை.

"உன்ன யாரு கூப்ட்டா? மருமவளக் கூப்ட்டேன்."

இரண்டு சொம்புத் தண்ணீரையும் அவரே குடித்தார்.

அப்புறம் வீட்டில் நாள் முழுக்க அஞ்சலைதான். கொஞ்ச நாளில், சில நேரம் அந்த 'ம்மா' மட்டும் காணாமல் போனது. வெறும் "அஞ்சல" என்ற குரல் கேட்டு ஒருமுறை ஓடினேன். "உன்ன இல்லம்மா" என்று கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

ஆனால் அத்தை முதல் குரலுக்குப் போகமாட்டார். அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நிற்பார். இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகுதான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிளம்புவார்.

"ஏன் அத்த, காதுல விழலியா?" என்று கேட்டேன்.

"வியுந்துது, வியுந்துது. இன்னொரு வாட்டி கூப்புடட்டும்" என்றார்.